சாயவேரின் பாதி அறிவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும், தீவகம் எனப்படும் தீவுகளில், உழவுக்கு உதவாத மணற்றரையில் தானாக முளைக்கும் ஒரு சிறு பூண்டு உண்டு. பூ வெள்ளை, ஒரு நெல்மணி அளவுகூட இராது. ஆடுமாடு மேயும் தரையில் அதை நின்று பார்ப்பவர் இல்லை. ஆனால் நூல்போல மெலிந்து ஆழ இறங்கும் அதன் வேரின் பட்டையில் ஒரு சிவப்பு ஒளிந்திருக்கிறது. பருத்தித் துணியில் முறையாகப் பிடித்துவிட்டால் வெயிலுக்கும் வெளுப்புக்கும் எளிதில் அசையாத சிவப்பு அது. சந்தையில் அதன் பெயர் சாயவேர். சித்த மருத்துவத்தில் இம்பூறல். தாவரவியலில் ஓல்டன்லாண்டியா அம்பெல்லேட்டா. மஞ்சிட்டியும் நுணாவும் கோப்பியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் உலகச் சந்தைகளில் கோலோச்சிய காலத்தில் இந்தத் தீவுகளும் மன்னாரும் வன்னிக் கரையும் அந்தச் சிவப்புக்கு வேர் கொடுத்தன. செடியும் மண்ணும் இன்றும் இருக்கின்றன. தொழில் மட்டும் தீவகத்தை விட்டுப் போய்விட்டது. செயற்கைச் சாயம் வந்தது, இயற்கைச் சாயம் செத்தது என்று ஒரே வரியில் இதற்கு விடை சொல்வது வழக்கம். அந்த விடையில் உண்மை உண்டு, ஆனால் போதாது. ஒரு தொழிலறிவு தலைமுறை கடப்பதற்கு அது முழு அறிவாக ஓரிடத்தில் இருக்கவேண்டும்; தீவகத்தின் கையில் இருந்தது பாதிதான். எஞ்சிய பாதி கடலுக்கு அப்பால் இருந்தது. சந்தை விழுந்த நாளில் விழுந்தது தீவகத்தின் அந்தப் பாதி அறிவு.

முதலில் அந்தச் சிவப்பு எப்படி உண்டாகிறது என்று பார்க்கவேண்டும், ஏனெனில் வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சாயவேரின் நிறப்பொருள் அலிசரின். அது தனியே சிவப்பு அல்ல. தோண்டி எடுத்த வேரின் பட்டை மங்கிய செம்மஞ்சளாகத்தான் இருக்கும். வெறும் வேர்ச்சாற்றில் துணியைத் தோய்த்தால் கறைபோல ஏறும், சில சலவையில் போய்விடும். துணியில் முன்கூட்டியே அலுமினியம் ஏறியிருக்கவேண்டும். அதைத் தருவது படிக்காரம். நிறத்தைத் துணியோடு கட்டிப்போடும் இந்தப் பொருளை நிறமூன்றி என்கிறோம். அதற்கும் முன்னால், படிக்காரத்தைப் பிடித்துவைக்கக் கடுக்காயின் துவர்ப்பும், சாயம் எழுதுகிற இடத்தைத் தாண்டிப் பரவாமல் தடுக்க எருமைப்பாலின் கொழுப்பும் துணியில் ஏறவேண்டும். இத்தனைக்கும் பிறகு வேரோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும்போது அலுமினியமும் அலிசரினும் கைகோத்து நீரில் கரையாத சிவப்புச் சேர்மம் ஒன்று நூலிழைக்குள்ளேயே பிறக்கிறது. படிக்காரத்துக்குப் பதில் இரும்பு இருந்தால் அதே வேர் கருமையை நோக்கித் திரும்பும். இரண்டும் கலந்தால் கத்தரிப்பூ நிறம். ஒரே கொதிகலத்தில் ஒரே துணியில் பல நிறங்கள் எழும் விந்தை இதுதான்.

இந்தச் சேர்க்கையில் மூன்றாவதாக ஒருவர் உண்டு: கல்சியம். அலுமினியமும் அலிசரினும் மட்டும் சேர்ந்தால் நிறம் மங்கல். கல்சியமும் உடன் சேரும்போதுதான் அது சுடர்விடும் சிவப்பாகிறது. ஐரோப்பியச் சாயத்தொழில் இதை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கண்டுகொண்டது. ரூவான் நகரத்து நீரில் அழகிய சிவப்பை எடுத்த ஹவுஸ்மன் என்ற சாயத்தொழிலாளர் அல்சாஸ் பகுதிக்குப் போனதும் அதே முறையில் தோற்றார். புதிய இடத்து நீரில் சுண்ணாம்பு இல்லை என்று கண்டு சுண்ணக்கட்டித் தூளைக் கலந்ததும் சிவப்பு திரும்பியது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1742இல், சோழமண்டலக் கரையில் பணிபுரிந்த கேர்தூ என்ற இயேசுசபைத் துறவி துணிக்குச் சாயம் எழுதும் முறையை நம் தொழிலாளரிடம் கேட்டறிந்து நீண்ட கடிதமாக எழுதினார். (சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் எடுத்துக்காட்டிய அதே கேர்தூ.) எல்லா நீரும் இந்தச் சிவப்புக்கு ஆகாது, கரகரப்பான கிணற்று நீர் வேண்டும் என்று சாயக்காரர் தேர்ந்தெடுத்ததை அவர் குறித்திருக்கிறார். கல்சியம் என்ற சொல்லை அறியாமலே கல்சியத்தை நாக்கால் அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

இப்போது தீவகத்து மண்ணை நினைத்துப் பாருங்கள். நெடுந்தீவின் வேலிகள்கூட முருகைக்கல்லை அடுக்கியவை. தீவுகள் எல்லாமே சுண்ணாம்புக்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. கரை மணலில் சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்திருக்கின்றன. கிணற்று நீரில் சோற்றுப்பானையின் அடியில் வெண்படிவு கட்டும் அளவுக்குச் சுண்ணாம்பு. இப்படிப்பட்ட கரையோர மணலில் விளைந்த வேரே உயர்ந்த சிவப்பைத் தந்தது என்பது பழைய வணிகத்தில் தெரிந்த செய்தி; கிருஷ்ணை ஆற்று முகத்தின் மணலும் வட இலங்கையின் மணலும் அதற்குப் பேர்போனவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலத் தாவரங்களை எழுதிய வில்லியம் ராக்ஸ்பரோ இன்னொன்றும் சொன்னார்: பயிரிட்ட வேரைவிடத் தானாக வளர்ந்த வேர் குட்டையானது, ஆனால் அதில் சாயம் ஏறக்குறைய கால்பங்கு அதிகம், தரமும் மேல். தீவகத்தில் விளைந்தது அந்தக் காட்டுவேர்தான். மண், நீர், வேர் மூன்றும் சிவப்புக்கென்றே அமைந்த இடம் இது. உழவனுக்குப் பகையான தரை சாயக்காரனுக்கு வரமாக இருந்தது. அப்படியிருந்தும் வேர் கட்டுக்கட்டாக வெளியே போனது; சிவப்பு வேறிடத்தில் பிறந்தது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. தீவகம் வணிகத்துக்குப் புதிய இடம் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் மன்னன் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறை என்று சொல்வது இன்றைய ஊர்காவற்றுறையை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் அரசுக்கு எத்தனை பங்கு, உடைமையாளருக்கு எத்தனை என்று அந்தக் கல் விதி சொல்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களை இட்டார்கள்: வேலணையும் ஊர்காவற்றுறையும் இருக்கும் தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரோடு நிற்கவில்லை. சாயவேர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோக வருவாய்ப் பொருளாயிற்று. வேர் குத்துதல், அதாவது வேரைத் தோண்டி எடுத்தல், விருப்பத் தொழில் அல்லாமல், பிறப்பால் சிலர்மேல் சுமத்தப்பட்ட ஊழியமாக நடந்தது. அந்த ஊழியம் என்ற தமிழ்ச் சொல்லையே ஒல்லாந்தர் தம் ஆவணங்களில் எடுத்தாண்டார்கள். யாழ்ப்பாணத்திலும் சாயக்காரர் இருந்தார்கள், துணி தோய்ந்தது. ஆனால் வேரில் பெரும்பங்கு பாக்குநீரிணையைக் கடந்து சோழமண்டலக் கரைக்குப் போனது. அங்கே அது துணியில் ஏறி, ஜாவாவுக்கும் மலாக்காவுக்கும் சியாமுக்கும் போனது. சியாம் அரசவைக்கென்றே அந்நாட்டு வடிவங்களை வரைந்து சோழமண்டலத்தில் துணி எழுதிய காலம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் வந்த பிறகும் இந்த ஏகபோகம் சில காலம் தொடர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் முடிந்தது.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பிரித்துப் பார்த்தால் சிக்கல் புலப்படும். வேர் குத்தியவருக்குத் தெரிந்தது சிறிதல்ல. எந்தத் திட்டியில் செடி அடர்த்தி, எத்தனை மாரி கண்ட செடியில் வேர் முற்றியிருக்கும், மழைக்குப் பின் எத்தனை நாளில் மண் இளகி வேர் அறாமல் வரும், எத்தனை செடியை விதைக்கு விட்டால் அடுத்த ஆண்டும் அந்தத் தரை தரும் என்பதெல்லாம் நுட்பமான தாவர அறிவு. ஆனால் அவர் அறிவு செம்மஞ்சள் வேர்க்கட்டோடு முடிந்தது. கடுக்காய் எத்தனை, பால் எத்தனை, படிக்காரம் எப்போது, கொதி எவ்வளவு என்ற அறிவு வேறொருவர் வீட்டில் இருந்தது. பெரும்பாலும் வேறொரு கரையில். தன் வேர் என்ன சிவப்பாகிறது என்பதை வேர் குத்தியவர் சரிபார்க்க வழியில்லை. இது நல்ல வேர், இது தளர்ந்த வேர் என்ற தீர்ப்பு சாயத்தொட்டியிலிருந்து தோண்டும் தரைக்குத் திரும்பி வரவில்லை. எந்தத் தொழிலும் வளர்வது அந்தத் திரும்பும் செய்தியால்தான். தொழிற்பிரிவு எங்கும் உள்ளதே, நெசவாளர் பருத்தி விளைவிப்பதில்லையே என்று கேட்கலாம். பிரிவு குற்றமல்ல. விளைவிப்பவரும் நெய்பவரும் ஒரே சந்தையில் முகம் பார்த்துப் பேசும் தூரத்தில் இருந்தால் அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கசியும். இங்கே இடையில் ஒரு கடலும் ஒரு கம்பனியும் இருந்தன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், தென்சீனம் என்று பரந்து வாழும் தை இன மக்களின் நீலத் தொழில். அவுரி நமக்கும் தெரிந்த செடி. அதன் இலையை ஊறவைத்தால் இண்டிக்கன் என்ற நிறமற்ற பொருள் நீரில் இறங்கிச் சிதைந்து, காற்றுப்பட்டு நீலமாகிறது. நீலத்தின் தொல்லை என்னவென்றால் அது நீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் புகாது. அதைக் கரையவைக்க ஒட்சிசனை விலக்கவேண்டும். இந்த வேலையைச் செய்பவை சாம்பற்காரம் கலந்த பானையில் வாழும் பக்டீரியாக்கள். அவற்றுக்கு வெல்லம், புளி, பழம் என்று தீனி போடவேண்டும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்தார்கள். உயிரோடு இருக்கும் பானையில் துணியைத் தோய்த்தால் மஞ்சட்பச்சையாக வெளிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றில் நீலமாக மாறும். காரம் மிஞ்சினாலும் குறைந்தாலும் பானை செத்துவிடும். தை இனப் பெண்கள் அந்தப் பானையை முகர்ந்தும் சுவைத்தும் நுரையைப் பார்த்தும் நாள்தோறும் காக்கிறார்கள். அதில் ஓர் ஆவி குடியிருப்பதாக நம்பி மரியாதையோடு நடத்தும் குடும்பங்களும் உண்டு. உயிர்வேதியியல் கண்ணால் பார்த்தால் அது தவறான நம்பிக்கைகூட அல்ல. அதற்குள் உயிர் இருக்கத்தான் செய்கிறது.

நான் எடுத்துக்கொள்ளும் பாடம் அந்தப் பானையைவிட அதைச் சுற்றியுள்ள வீட்டில் இருக்கிறது. அவுரி வீட்டுத் தோட்டத்தில், பருத்தி பக்கத்து வயலில், பானை வீட்டின் கீழ்த்தட்டில், தறி அதனருகே, உடுப்பவர் அதே வீட்டார். தாய் தோய்க்கும்போது மகள் அருகில் இருக்கிறாள். துணி வெளுத்தால் அதை உடுத்தவரே வந்து சொல்கிறார். விதையிலிருந்து உடலுக்கு வரும் முழுவட்டமும் ஓர் ஊருக்குள் அடங்கியதால் அந்த அறிவுக்கு ஓட்டை விழ இடமில்லை. தாய்லாந்தின் வடகிழக்கில் சாக்கோன் நக்கோன் மாகாணத்திலும் மலிவான ஆலைத்துணி வந்தபோது நீலப்பானைகள் பல காய்ந்தன. ஆனால் செய்முறை நினைவில் இருந்த மூத்த பெண்கள் ஊரில் இருந்தார்கள், விதையும் இருந்தது, தறியும் இருந்தது. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அவர்களை முன்வைத்து அந்தத் தொழில் மறுபடி எழுந்தது. இன்று நாடறிந்த நீலத்துணி அது.

செயற்கைச் சாயம்தான் காரணம் என்பவர்களுக்கு இந்த ஒப்பீடே பதில். 1868இல் கிராப, லீபர்மான் என்ற இரு ஜேர்மானிய வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் அலிசரினை உருவாக்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் அது ஆலைச் சரக்காயிற்று. வேர்விலை சரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் செயற்கை நீலமும் 1897இல் சந்தைக்கு வந்தது. வந்த வேகத்தில் வங்காளத்தின் அவுரி வணிகத்தைச் சாய்த்தது. ஒரே அடி. வணிகத்துக்காக மட்டும் விளைந்த நீலம் விழுந்தது. வீட்டுக்காக விளைந்த நீலம் தாக்குப்பிடித்தது. இதைவிட நெருக்கமான சான்று மதுரையில் கிடைக்கிறது. அங்கே சாயவேரால் சிவப்பு ஏற்றிய சௌராட்டிரச் சாயக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கை அலிசரினுக்கு மாறினார்கள். வேர் போனாலும் நிறமூன்றியும் எண்ணெய்ப் பதமும் துணியை ஆயத்தம் செய்யும் வரிசையும் அவர்கள் கையில் இருந்தன. அந்த அறிவை வைத்துப் புதுப் பொருளிலும் பேர்பெற்ற சிவப்பை எடுத்தார்கள். அலிசரின் வந்த அதே அடியில் சாயக்காரர் பிழைத்தார், வேர் குத்தியவர் எல்லாவற்றையும் இழந்தார். முன்னவர் கையில் செய்முறை இருந்தது. பின்னவர் கையில் சரக்கு மட்டும் இருந்தது.

போர் அழித்தது என்றும் சிலர் சொல்வார்கள். 1990களின் தொடக்கத்தில் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். பல வீடுகள் இன்றும் கூரையின்றிக் கிடக்கின்றன. அந்த இழப்பின் அளவு பெரிது. ஆனால் சாயத்தின் கணக்கை அதன்மேல் எழுதமுடியாது. வேர் வணிகம் அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே முடிந்துவிட்டது. எழுத்தில் எல்லாம் இருக்கிறதே, படித்துச் செய்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. கேர்தூவின் கடிதம் உண்டு. அதற்கும் முன், 1734ஆம் ஆண்டளவில், புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒவ்வொரு படிநிலையிலும் துணியில் ஒரு துண்டை வெட்டிச் செய்முறையோடு சேர்த்துவைத்தார். அது பாரிஸில் காக்கப்பட்டிருக்கிறது. இவை பெரும் செல்வம். ஆயினும் நீர் கரகரப்பாக இருக்கவேண்டும் என்று எழுதலாம், எவ்வளவு கரகரப்பு என்பதை நாக்குக்கு எழுத்தால் கற்பிக்க முடியாது. இன்று நீரின் கல்சியத்தை மில்லிகிராமில் அளக்கலாம் என்பது உண்மை. அந்த அளவைத் துணியின் நிறத்தோடு பொருத்திப் பழகிய ஒரு கை இல்லாவிட்டால் எண் எண்ணாகவே நின்றுவிடும்.

இவற்றைவிட வலிமையான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. வேர் குத்துதல் கட்டாய ஊழியம். வெயிலில் குந்தியிருந்து மணலைக் கிளறியவர்கள் அதைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டது இழப்பு அல்ல, விடுதலை. அந்த மறதியைப் பழங்கலையின் அழிவு என்று புலம்புவது, நுகத்தடியை இறக்கிவைத்தவரிடம் நுகத்தடி எங்கே என்று கேட்பது போன்றது. இந்த வாதம் சரியானது. எந்தக் குடும்பமும் தன் பாட்டன் பூட்டன் சுமந்த ஊழியத்துக்குத் திரும்பவேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. ஆனால் இதுவே என் வாதத்தைப் பலப்படுத்துகிறது. தோண்டும் கட்டாயம் அவர்களுக்கும் சாயத்தின் பயன் பிறருக்கும் என்று பிரித்துவைத்ததால்தான் அந்த அறிவில் அவர்களுக்குப் பற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. தம் வேரின் சிவப்பைத் தம் பிள்ளையின் உடையில் பார்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். உழைப்பைப் பறித்தது ஒரு கொடுமை. அந்த உழைப்பின் பொருளையே அவர்கள் அறியவிடாமல் வைத்தது இன்னொரு கொடுமை.

இதே செடியின் மறுபக்கம் இதற்குச் சாட்சி. இம்பூறல் என்ற பெயரில் இருமலுக்கும் இரத்தம் கக்கும் நோய்க்கும் சித்த மருத்துவம் அதைச் சொல்கிறது. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். எந்த ஏகபோகமும் காக்காமல், எந்த மானியமும் இல்லாமல் அந்த அறிவு பிழைத்தது, ஏனென்றால் பறிப்பவர், காய்ச்சுபவர், குடிப்பவர் எல்லாரும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஒரே வேர், மருந்தாக நினைவில் நின்றது, சாயமாக மறந்துபோனது. இன்னொரு சாட்சி நல்லூரில். கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்குக் கொடிச்சீலையைச் செங்குந்தர் மரபினர் ஆண்டுதோறும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு சீலை சந்தையாகாது. ஆனால் அதற்கென ஒரு நாள் குறித்திருக்கிறது, பெறுபவர் கண்முன் இருக்கிறார், கொடுப்பது உரிமையாகவும் பெருமையாகவும் இருக்கிறது. கைமாறுவதற்கு அது போதுமாக இருக்கிறது.

ஆகவே தீவகத்தில் சாயத்தை மீட்க நினைக்கும் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நெசவுக் கூட்டுறவுக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்றுமதிக்கான விலைப்பட்டியலோடு தொடங்காதீர்கள். இந்த மண் அதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. காட்டில் எஞ்சிய செடியைக் கிளறவும் வேண்டாம். வேர் எடுத்தால் செடி சாகும். விதை சேர்த்து ஒரு பாத்தி போடுங்கள். தீவுக்குத் தீவு கிணற்று நீரை எடுத்து, ஒரே வேர், ஒரே படிக்காரம், ஒரே துணியில் தோய்த்துப் பாருங்கள். எந்தக் கிணறு எந்தச் சிவப்பைத் தருகிறது என்ற வரைபடத்தை மாணவர்களே வரையட்டும். தோண்டிய கையே தோய்க்கட்டும், தோய்த்த கையே நெய்யக் கற்கட்டும், எந்தக் குடியில் பிறந்த பிள்ளையானாலும். முதல் துணி வெளியூருக்குப் போகவேண்டாம்; தீவகத்துக் கோயில் ஒன்றின் கொடிச்சீலையாகவோ, ஒரு பள்ளியின் விளையாட்டுப்போட்டிக் கொடியாகவோ இங்கேயே பறக்கட்டும், வெளுக்கிறதா என்று ஊரே பார்க்கட்டும். வேர் முற்ற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். வருகிற மாரிக்கு முன் விதையைச் சேர்த்துவிடவேண்டும்.